பதிவுத் தபாலில் ஒரு ஜன்னல் செடி

பிழை பார்த்தே பிழைக்கிறவள் அவள். அச்சகத்தில் முகத்துக்கு நேரே எல்லோரும் மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிவப்புப் பேனா. அது அவளுக்கும் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் இருபத்திரண்டு வருடத்தை அச்சகத்து மாடியறையில் ஒரே மேஜைக்கு முன்னால் கழித்திருக்கிறாள். பாடப்புத்தகமோ, கல்யாணப் பத்திரிகையோ, மருந்துப் புட்டியில் ஒட்டுகிற சீட்டோ, எதுவானாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போக வேண்டும்.

வேலை முடிந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. பேருந்தில் போகும்போது கடைப் பலகைகளைத் திருத்திக்கொண்டே போகும். வீட்டில் அண்ணி எழுதித் தருகிற சாமான் பட்டியலில் 'மொளகா' என்று இருந்தால், கடைக்குப் போவதற்குள் அது 'மிளகாய்' ஆகிவிடும்.

"சாமான் வாங்கிட்டு வரச் சொன்னா மார்க் போட்டுக் குடுக்கறா உங்க தங்கச்சி" என்று அண்ணி அண்ணனிடம் சொல்வாள். அண்ணன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அவளுக்கு எதிர் மேஜையில் இருபது வருடம் தட்டச்சு செய்தவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பளம். பழம் என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சரியாக அடித்ததில்லை. மெஷின் சத்தத்திலேயே பாதி ஆயுள் போனதில் காது மந்தம். "எனக்குக் காதுல விழறதுதான் மேடம் கையில வருது" என்பார். அவள் சிவப்பாகிப்போன தாளோடு அவர் மேஜைக்கு நடக்க வேண்டியிருக்கும், தினம் நாலு தடவையாவது. அவர் நிமிர்ந்து பார்த்து, "எத்தனை தப்பு மேடம்?" என்பார். அவள் எண்ணிக்கையைச் சொல்வாள். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சென்று பெரிதாக எதுவும் கிடையாது.

இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு செடி. தடித்த இலையும், மெழுகில் செய்ததுபோல ஒரு கொத்துப் பூவுமாகக் கம்பியைச் சுற்றி ஏறியிருந்தது. அதன் பெயர் யாருக்கும் தெரியாததால் ஜன்னல் செடி. சாயங்காலமானால் தாள் வாசனையையும் மை வாசனையையும் தள்ளிக்கொண்டு அதன் வாசனை வரும். அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்துவார்கள்.

அவளுக்கு அவரைப் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுகூட, அவர் வேலையை விட்டு மகள் இருக்கிற ஊருக்குப் போன பிறகுதான். மனைவி போய் ஒன்பது வருடம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்ட மனிதர். மகள் கூப்பிட்டாள், போய்விட்டார். புதிதாக வந்த பெண் அடித்துத் தருகிற தாளில் பக்கத்துக்கு ஒரு பிழை கிடைத்தால் பெரிது. வேலை குறைந்தது. சந்தோஷம்தான் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜன்னலுக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் செடியைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தார்கள். அவள் அதை எடுத்து ஆறு துண்டாக நறுக்கி, ஆறு புட்டித் தண்ணீரில் தன் அறையில் வைத்தாள். ஐந்து அழுகியது. ஒன்று வேர் விட்டது, தொட்டியில் நட்டாள். அதை அவருக்கு எழுதினாள். எழுத வேறு விஷயம் கிடைக்காமல் இத்தனை நாள் காத்திருந்தவள் அவள்.

அவரிடமிருந்து பதில் வந்தது:

'மேடம், நலம். நான் இறுக்கும் வீட்டுக்குப் பின்னாலேயே மீன் சந்தை. ஜன்னலைத் திரந்தால் அந்த வாசம்தான். பொளைத்த அந்தத் துண்டை எனக்கு அனுப்ப முடியுமா? ஜன்னளில் வைத்துக்கொள்வேன். அது உயிரோடு வந்து சேர்ந்தால், நீங்களும் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.'

கையில் சிவப்புப் பேனாவோடுதான் படித்தாள். வேறு எப்படிப் படிப்பாள்? நாலு பிழையையும் சுழித்தாள். அப்புறம்தான் கவனித்தாள், கடைசி வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அந்த மனிதர் அதை எத்தனை தடவை எழுதிப் பார்த்தாரோ. அவள் அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடியிலிருந்த விலாசத்துக்கு வந்தாள். '14, வாளைத் தெரு.' ஐந்தாவது பிழை. ளையைச் சுழித்து, ஓரத்தில் ழை என்று எழுதினாள்.

ஆக, செடி உயிரோடு போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அவள் போகலாம். சேராவிட்டால் எந்த முகத்தோடு போவது?

தபால் நிலையத்துக் கவுன்ட்டர் பெண்ணிடம் அவள் கேட்டாள். "செடி அனுப்ப எது நல்லதும்மா?"

"சாதாத் தபால் இருக்கு, விரைவுத் தபால் இருக்கு, பதிவுத் தபால் இருக்கு. எது வேணும்க்கா?"

"எதுல போனா சாகாது?"

இப்படி ஒரு கேள்வி அந்தக் கவுன்ட்டருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. பெண் சிரித்துவிட்டாள். "அனுப்பிப் பாத்தாதான் தெரியும்."

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மொட்டை மாடியில் தானாக முளைத்திருந்த மூன்று களைச் செடிகளைப் பிடுங்கி, மூன்று அட்டைப் பெட்டியில் வைத்து, மூன்றையும் தன் விலாசத்துக்கே மூன்று வழியில் அனுப்பினாள். உள்ளூர்த் தபாலானாலும் எல்லாம் பெரிய ஊருக்குப் போய்ப் பிரிந்துதான் திரும்பும் என்று பெண் சொல்லியிருந்தாள்.

"உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கறீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வேற யாரு எனக்கு அனுப்பப்போறா?" என்றாள் அவள். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள்.

விரைவுத் தபால் மறுநாளே வந்தது, ஒரு மூலை சப்பையாகி. செடியின் கழுத்து ஒடிந்திருந்தது. 'அவசரம்' என்று நாலு பக்கமும் சிவப்பில் எழுதியிருந்தாள். "அவசரம்னு எழுதினா அவசரமா எறிவாங்கக்கா" என்றாள் கவுன்ட்டர் பெண். "அதோட வீட்ல ஆள் இல்லேன்னா வாசல்ல வச்சிட்டுப் போயிடுவாங்க. வெயில்ல கெடக்கும்." சாதாத் தபால் ஏழாம் நாள் வந்தது, உள்ளே இருந்ததைக் கீரை என்றுதான் சொல்ல வேண்டும். பதிவுத் தபால் நாலாம் நாளே வந்திருந்தது. பெட்டியில் ஆறு முத்திரை, நாலு சின்னக் கையெழுத்து, கட்டிய நூல் கட்டியபடி. செடி கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

"ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டு வாங்கணும். அதனால ஒவ்வொருத்தரும் ஒரு தடவை பாப்பாங்க" என்றாள் பெண். "கடைசியில ஆளைப் பாத்துக் கையில குடுத்தாதான் ஆச்சு."

ஆளைப் பார்த்துக் கையில். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இரண்டு நாள் தண்ணீர் விடாமல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தாள். வேரை ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை. எட்டு இலை. இடைவெளியை அடைக்கப் பழைய திருத்தத் தாள்கள். அவர் அடித்து அவள் சுழித்தவை. ஏன் அவற்றை வீட்டில் வைத்திருந்தாள் என்று கேட்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில், 'வெயில் நேராகப் படக் கூடாது. வாரம் ஒரு முறை தண்ணீர்' என்று எழுதினாள். இன்னொரு வரி எழுத ஆசைதான். பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"செடிக்கு இவ்வளவு அலங்காரமா? வழியனுப்ப நானும் வரணுமா?" என்றாள் அண்ணி, கதவருகில் நின்று.

திங்கட்கிழமை காலை, ஒரு பிழையும் இல்லாத விலாசத்தோடு பெட்டி போயிற்று.

அந்த வாரம் அவள் மேஜையில் ஒரு புவியியல் புத்தகம். ஆறுகள், மலைகள், இருப்புப் பாதைகள். படிக்கப் படிக்கப் பெட்டி அந்த வரிகளின் மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு பாலத்தில் தடதடவென்று போயிற்று. ஒரு சந்திப்பில் இறங்கி, சாக்குப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, யாரோ கையெழுத்துப் போடுவதற்காகக் காத்திருந்தது. பெட்டியில் அவள் போட்ட ஏழு துளைகள் வழியாக ஏழு வெளிச்சப் புள்ளிகள் இலைகளின்மேல் நகர்ந்தன. உள்ளே அவருடைய பளங்களும் அவளுடைய சுழிகளும் கசங்கிக் கிடந்து, செடியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. மத்தியான வெயிலில் அவளுக்குக் கண் சொக்கும். விழித்துப் பார்த்தால் புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டியிருக்கும், ஒரு சுழிகூட இல்லாமல். புவியியல் படிக்கப்போகிற பிள்ளைகள் அவளை மன்னிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சேர்ந்திருக்கும். திங்கள், பதில் எழுதியிருப்பார். புதன், பதில் வரும். புதன் வந்தது, பதில் வரவில்லை. போனில் கூப்பிட்டால் அவருக்குப் பாதி கேட்காது, மீதிக்கு "ஆங்?" என்பார். அதோடு, "செடி வந்துதா சார்?" என்று கேட்டால், "நான் வரட்டுமா சார்?" என்று கேட்டதாகிவிடும். அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், தபால்காரர் வந்தார். கையில் அவள் பெட்டி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் நீல மையில் எழுதியிருந்தது: 'இப்படி ஒருவர் இல்லை.'

அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் இல்லை. போன மாதம் எழுதினாரே. இந்த மாதம் இல்லையா? மூன்று சொல். பிழையில்லாத மூன்று சொல். அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள், எங்காவது ஒரு பிழை கிடைத்துவிடாதா என்று.

அண்ணி சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேலி ஒன்றும் செய்யவில்லை. "அவர் எழுதின லெட்டரைக் குடு" என்றாள். அதை வாங்கிப் படித்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி கடிதத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி, இவர் வாளைத் தெருன்னு எழுதியிருக்காரு. நீ வாழைத் தெருன்னு அனுப்பியிருக்க."

"அவருக்கு ழ வராது அண்ணி."

"வாளைன்னா மீனு. மீன் சந்தைக்குப் பக்கத்துல தெருவுக்கு மீன் பேரு வைக்காம வாழைப்பழம் பேரா வைப்பாங்க?"

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். பட்டியல் பட்டியலாக அண்ணியைத் திருத்தியவள். வாளை என்றொரு மீன் இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன? ழ, ள வித்தியாசம் சொல்ல அவள் எத்தனையோ பேருக்குக் காட்டிய உதாரணமே அதுதான். வாழை மரம், வாளை மீன். ஆனால் எழுதியவர் பளம். அவர் எழுதினால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று அவள் கண் முதலிலேயே முடிவுகட்டியிருந்தது.

அந்த ஊரில் வாழைத் தெருவும் ஒன்று இருந்திருக்கிறது. பதினான்காம் நம்பரும் இருந்திருக்கிறது. பதிவுத் தபால் என்பதால் ஆளைத் தேடி, ஆள் இல்லாமல், பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அவர் இருக்கிறார்.

பெட்டியைத் திறந்தாள். ஐந்து இலை உதிர்ந்து மஞ்சளாகக் கிடந்தது. மூன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நுனியில், அந்த இருட்டிலேயே, அரிசி நீளத்துக்கு ஒரு வெளிர்ப் பச்சைத் துளிர்.

"திங்கட்கிழமை மறுபடி அனுப்பணும்" என்றாள் அவள். "எதுல அனுப்பறதுன்னு..."

"இன்னொரு பன்னெண்டு நாள் தாங்குமா அது?" என்றாள் அண்ணி. செடியைப் பார்த்துச் சொல்லவில்லை. "நாளைக்குத் தபால் கெடையாது. ரயில் உண்டு."

ஞாயிற்றுக்கிழமை ரயிலில், மடியில் பெட்டியோடு அவள் போனாள். பாலம் தடதடத்தது. சந்திப்பில் இறங்கி வேறு வண்டிக்குக் காத்திருந்தபோது, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, விலாசத்தில் ழையைச் சுழித்து, பக்கத்தில் ளை என்று எழுதினாள். இத்தனை வருடத்தில் தன் எழுத்தைத் தானே சுழித்தது அதுதான் முதல் தடவை. வண்டி கிளம்பியதும் கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டிக்குள் உட்கார்ந்து போவதுபோலவே இருந்தது.

தெருப் பலகையில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனையும் வரைந்திருந்தார்கள். பதினான்காம் நம்பர் வீட்டில் கதவு திறந்திருந்தது. இரண்டு தடவை தட்டியது அவருக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், வெளிச்சம் மறைந்ததும் நிமிர்ந்தார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எதிர் மேஜையிலிருந்து எழுந்து வந்தவளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"எத்தனை தப்பு மேடம்?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் அவள், சத்தமாக. "என்னோடது."

அவர் பெட்டியை வாங்கி விலாசத்தைப் படித்தார். நீல மையைப் படித்தார். சிவப்புச் சுழியைப் படித்தார். தோள் குலுங்கியது, சிரிக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"இந்த ஆயுசுல ஒரே ஒரு தடவை சரியா எழுதினேன்" என்றார். "அதையும் திருத்திட்டீங்க."

செடியை எடுத்து ஜன்னலில் வைத்தார். மீன் வாசம் வந்துகொண்டிருந்தது. பிறகு, "பதிவுத் தபாலாச்சே, கையெழுத்துப் போடாம வாங்கக் கூடாது" என்று கையை நீட்டினார். அவள் சிவப்புப் பேனாவைக் கொடுத்தாள். அவர் பெட்டியின் மேல், 'இப்படி ஒருவர் இல்லை' என்பதற்குக் கீழே, மெதுவாக எழுதிக் கையெழுத்திட்டார்: 'உயிரோடு பெற்றுகொண்டேன்.'

நடுவில் ஒரு க் இல்லை.

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.