தீவுக் கதை சொல்லிக் கைநாட்டு கேட்டேன்

மேடையில் பேசும் எங்கள் தொழிலுக்கு முதலீடு தொண்டைதான். அது கட்டிப்போனால் விவசாயிகள் சங்கத்தில் நாற்காலி தூக்கச் சொல்லிவிடுவார்கள். மைக் பிடித்து, தடியடி பட்டு, கடைசியில் நன்றியுரையில்கூடப் பெயர் வராமல் போன தோழர்களே, இது உங்களுக்குத்தான்.

என்னோடு சுவரொட்டி ஒட்டியவர்கள் எழுபதுகளிலேயே வாரியத் தலைவர்களாகிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெளிநாட்டு விவசாயிகள் மாநாடும், அதன் பிறகு எட்டு நாள் கிரேக்கத் தீவுகளில் படகுச் சவாரியும். திரும்பி வந்தால் ஜவ்வாது மலையில் பிரச்சினை. மலைக்காரர்கள் வளர்த்த புளியமரங்களின் மகசூலை வனத்துறையினர் கீழ்நாட்டுக் குத்தகைக்காரருக்கு ஏலம் விடப்போகிறார்கள். தடுக்க ஐம்பது கைநாட்டுடன் மனு வேண்டும். மலை ஏறினேன். என் பயணத்தைக் கேள்விப்பட்டிருந்த புளியமரக்காரர் சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டார்: "மொதல்ல தீவச் சொல்லுங்க தலைவரே, அப்புறமா மை டப்பாவத் தொறங்க."

ஆடு கேட்ட பேச்சு

முதல் தீவில், மலைச்சரிவில் படிபடியாகக் கல் இருக்கை வெட்டிய பழைய அரங்கம் ஒன்று. நடுவில் நின்று முணுமுணுத்தாலும் மேல்படிவரை கேட்குமாம். காலமெல்லாம் வாடகை ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டியவனுக்கு இது போதாதா? ஏறி நின்று அரைமணி நேரம் தமிழில் முழங்கினேன். எனக்கே புல்லரித்தது. கேட்டவர்கள் ஓர் ஆட்டுக்காரரும் அவருடைய ஆடுகளும்.

இறங்கியதும் ஆட்டுக்காரர் ஏதோ சொன்னார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் சொல்லத் தயங்கினார். பாராட்டுதானே என்று வற்புறுத்தினேன். "நல்லாத்தான் பேசறார், ஆனா ஆடு மேயமாட்டேங்குது, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க என்கிறார்."

பிறக்கக் கூடாத தீவு

அடுத்தது, ஒரு சாமி பிறந்த தீவு. புனிதம் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் சட்டமே போட்டார்களாம்: அங்கே யாரும் பிறக்கக் கூடாது, சாகவும் கூடாது. நிறைமாதக்காரியைப் படகிலேற்றிப் பக்கத்துத் தீவில் இறக்கிவிடுவார்கள்.

"சாமி பெயரால் என்ன கொடுமை பாருங்கள்!" என்று நான் மலையில் குரலை உயர்த்தினேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த பச்சையம்மா முறத்தை நிறுத்தவேயில்லை. "இதுல இன்னா அதிசயம்? புள்ள பெறணும்னா எங்களயுந்தான் டோலி கட்டி ஆலங்காயத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறாங்க. அவளுக்காச்சும் படகு இருந்துச்சு."

ஒற்றைக்கண்ணன் குகை

இன்னொரு தீவில், ஒற்றைக்கண் அரக்கன் வாழ்ந்த குகை. போர் முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு ராஜா ஆட்களோடு இதற்குள் புகுந்து அரக்கனின் பாலாடைக்கட்டியைத் தின்றான். அரக்கன் வந்து ஆட்களில் சிலரைத் தின்றான். ராஜா அவன் கண்ணைக் குத்திவிட்டு, ஆட்டின் வயிற்றடியில் தொங்கித் தப்பினான். அந்த அரக்கன்தான் முதலாளி வர்க்கம் என்று சொல்லி, கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

"இருங்க தலைவரே," என்றார் சடையன். "வூடு யாருது, ஆடு யாருது?"

"அரக்கனுடையது."

"அப்போ ஒத்தக்கண்ணன் நம்மாளு. கேக்காம பூந்து தின்னான் பாரு, அவந்தான் குத்தகக்காரன்."

பெயர் சொன்ன வினை

அதோடு விட்டேனா? தப்பிய ராஜா கப்பலில் நின்று தன் பெயரையும் ஊரையும் பெருமையாகக் கத்தினான், அரக்கன் அந்தப் பெயரைச் சொல்லிக் கடல்சாமியிடம் முறையிட்டான், அதனால்தான் ராஜா வருடக்கணக்கில் வீடு சேரவில்லை என்று முடித்து, மை டப்பாவைத் திறந்தேன். நீண்ட விரல்களெல்லாம் மடங்கின. "இந்தத் தாள்ல எங்க பேரும் ஊரும் இருக்குமா?" என்றார் சடையன். இருக்கும் என்றேன். ஒரு கைநாட்டுகூட விழவில்லை.

ஏலத்தன்று வனத்துறை அலுவலக வாசலில் வெற்றுத்தாளோடு தனியாக நின்றேன். குத்தகைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது விடியலிலேயே நடக்கத் தொடங்கிய மலை ஊர் முழுவதும் வந்து சேர்ந்தது. ஏலம் கேட்க ஒருவரும் உள்ளே போக முடியாதபடி வாசலை அடைத்து உட்கார்ந்தது. என்னைப் பேச அழைப்பார்கள் என்று தொண்டையைச் செருமினேன். பச்சையம்மா ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டாள். மத்தியானம் அதிகாரி வெளியே வந்து ஏலத்தை நிறுத்துவதாகச் சொல்லி, வந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். சடையன் எழுந்தார். "பேரு இல்லீங்க. ஆளு வந்துருக்குது. எண்ணிக்குங்க."

என் வாழ்நாளில் நான் முழுசாக ஜெயித்த போராட்டம் இது ஒன்றுதான், அதிலும் என் பெயர் எங்கேயும் இல்லை.