மரகதவல்லி டீச்சரின் டேக்குகள்

வலக்கையில் புளிசேரிச் சோறு. இடக்கைக் கட்டைவிரல் போனில். பொழியூர்க் கடற்கரை பற்றிய செய்தி ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. மரகதவல்லி டீச்சர் அதைச் சேமித்து, அடையாளத்துக்கு ஒரு சொல்லும் போட்ட பிறகுதான் அடுத்த உருண்டையை எடுத்தார். "இப்பம் சேத்து வைக்கல்லேன்னா பின்ன தேடினா கிட்டாதாக்கும்" என்றார், எதிரே முறைத்துக்கொண்டிருந்த கணவரிடம்.

பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. கடல் கரையைத் தின்பது பற்றி முனைவர் பட்ட ஆய்வும் நடக்கிறது. இணையத்தில் கண்ட பக்கங்களின் இணைப்புகளையெல்லாம் ஒரு தளத்தில் பொதுவில் சேர்த்துவைப்பார். பிளஸ் டூ பிள்ளைகளும் அதில் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் போட வேண்டும். அந்தச் சொல்லைத் தட்டினால் அதற்குரியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். டேக் விஷயத்தில் டீச்சர் மகா கறார். 'சும்மா' என்று டேக் போட்ட அகிலை, "எலே, ஒனக்க பேரும் சும்மாவா?" என்று வகுப்பில் வைத்தே கேட்டார். வீட்டிலும் அப்படித்தான். பருப்பு டப்பாவில் கடுகு இருந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் நிம்மதி கிடையாது.

பொழியூரிலிருந்து வரும் ஷீனாதான் அதிகம் சேர்ப்பவள். எல்லாம் அலையடிக்கும் வீடியோக்கள். ஆனால் அவள் போடும் டேக்? 'சோமன் கடை', 'தங்கபாய் வீடு'. அந்தக் கரையில் இடத்துக்கு அடையாளம் ஆளின் பெயர்தான். கடையும் வீடும் கடலோடு போன பிறகும் அப்படியேதான் சொல்வார்கள். "இதையெல்லாம் ஆராய்ச்சியில எப்பிடி எழுத?" என்று முணுமுணுத்தபடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அத்தனையையும் 'கடலரிப்பு' என்ற ஒரே டேக்கில் கலந்துவிட்டார். பார்க்க லட்சணமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஷீனா எதையும் சேர்க்கவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது தலை நிமிராமல் சொன்னாள்: "தங்கபாய் எங்க அம்மையாக்கும் டீச்சர். வீடு போன அன்னைக்கு ஆரோ எடுத்த வீடியோ, அது ஒண்ணுதான் உண்டு. அம்மை அந்தப் பேரைத் தட்டித்தான் பாக்கும். இப்பம் தட்டினா ஒண்ணும் இல்ல. நானும் தேடினேன். எல்லாத்திலயும் ஒரே கடலு."

கலந்ததை மறுபடி பிரிக்க அந்தத் தளத்தில் வழி இல்லை. டீச்சருக்கு வெட்கமாக இருந்தது; வெட்கத்தைவிட வருத்தம் அதிகமாக இருந்தது. "நான் வாறேன் மக்கா, அம்மைக்கிட்ட சொல்லு" என்றார்.

சனிக்கிழமை பொழியூருக்குப் போய், வாடகை வீட்டில் தங்கபாயின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீடியோவாக ஓட்டிக் காட்டினார்.

"இது சோமனுக்க கடையில்லியா. இதும் நமக்கதில்ல" என்று தங்கபாய் சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் தாழும் நேரத்தில் திரையில் ஒரு நீலக் கதவு தெரிந்தது. தங்கபாய் விரலால் தொட்டு அதை நிறுத்தினார். அலை இன்னும் வாசலுக்கு வந்திருக்கவில்லை.

"இதாக்கும். இம்பிடுதான் நான் பாப்பேன் டீச்சரே. பொறவு உள்ளது வேண்டாம்."

டீச்சர் அதற்கு 'தங்கபாய் வீடு' என்று டேக் போட்டார். பக்கத்தில் ஏற்கெனவே இருந்த 'கடலரிப்பு' என்ற சொல்லை, அந்த ஒன்றிலிருந்து மட்டும், அழித்தார்.