எங்கள் வீட்டு ஓய்வு நாள்

காலையில் ரேடியோவை அணைத்துவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் பேசக்கூடாது, ரூல்ஸ்" என்று என் கணவர் சொல்வது நன்றாக நினைவிருக்கிறது. சிங்கப்பூரில் வாக்களிப்புக்கு முந்தைய நாள் கட்சிகள் பிரசாரம் செய்யக்கூடாது. மக்கள் ஆற அமர யோசிக்கட்டும் என்று விடப்படும் ஓய்வு நாள் அது. சட்டம் கட்சிகளுக்குத்தான். அவரோ அதை ஆங் மோ கியோவில் உள்ள எங்கள் மூவறை வீட்டுக்கும் சேர்த்து அமல்படுத்தினார். அன்று லிட்டில் இந்தியாவுக்குப் போய் மீன் வாங்கி வந்து அவரே கழுவித் தருவார், நான் குழம்பு வைப்பேன். பொழுது சாயும்வரை குழம்பில் புளி கூடிவிட்டதா என்பதையும் அவருடைய முழங்கால் வலியையும் தவிர வேறு பேச்சு கிடையாது. மற்ற நாட்களில் நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால் அந்த ஒரு நாளின் அருமை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். "ஏன் ஓடுதுன்னு தெரியாம ஒரு ஸ்குரூவயும் தொடாதே" என்பார். நாடும் அவருக்கு அப்படித்தான். நானோ கிராஞ்சியில், வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்தேன். லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய், திடீர் பிரேக்கில் தூக்கியடிக்கப்பட்டு, தோள்பட்டை இறங்கி வருகிறவர்களுக்கு நான்தான் கட்டுப் போடுவேன். ஆளை லாரியில் ஏற்றுவதை நாளைக்கே நிறுத்த வேண்டும் என்று வீட்டுக்கு வந்து கத்துவேன். "ஒரே நாள்ல நிறுத்தினா சின்ன கான்ட்ராக்டர் மூடிட்டுப் போயிடுவான். முதல்ல ஊருக்கு டிக்கெட் போடுறது உன் பேஷன்டுக்குத்தான் லா" என்பார். "உங்க வண்டி நல்லாத்தான் ஓடுது. பின்னால உட்கார்ந்திருக்கிறவன கேட்டீங்களா?" என்பேன் நான். கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவசரத்தில் கழற்றிப் போட்ட வண்டி திரும்ப ஓடாமல் போனதை அவர் நிறையப் பார்த்திருந்தார். மெதுவாக என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய தோள்பட்டை போகும் என்பதை நான் பார்த்திருந்தேன். இரண்டும் உண்மைதான் என்று இப்போது எழுத முடிகிறது, அப்போது சொல்ல வாய் வரவில்லை.

ஓட்டுப் போடும் அன்று ஒன்றாகவே போவோம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே வரிசை, முன்னால் அவர், பின்னால் நான். அவர் ஓட்டை என் ஓட்டு அடித்துவிடும், என் ஓட்டை அவர் ஓட்டு அடித்துவிடும். "ரெண்டு பேரும் வீட்டுலயே தூங்கியிருந்தாலும் ரிசல்ட் ஒண்ணுதான்" என்று திரும்பும் வழியில் சிரிப்பார். ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவோம். இப்படியே எத்தனையோ தேர்தல்கள் போயின.

போன தேர்தலின்போது அவருக்குக் கல்லீரலில் புற்றுநோய். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். வரிசையில் முன்னால் விட்டார்கள். அவர் தடுப்புக்குள் போய் வெகு நேரம் கழித்து வந்தார், கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் முறை வந்தது. அவருடைய கடைசி ஓட்டு இதுதான் என்று எனக்குத் தெரியும், மருத்துவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். அதையும் நான் அடித்துவிட வேண்டுமா? மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் பக்கத்துக்குக் குறி போட்டேன். போட்டபின் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அன்று பரோட்டா கடைக்குப் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனையில், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, அவராகவே சொன்னார். "இந்தத் தடவை உன் பக்கம் போட்டேன். இத்தனை வருஷம் உன் ஓட்ட நான் செல்லாம ஆக்கிட்டேன்ல. ஒரு தடவையாவது ரெண்டும் ஒரே பக்கம் விழட்டுமேன்னு தோணுச்சு." நான் கரண்டியை வைத்துவிட்டு அவர் வாயைத் துடைத்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மருத்துவர் சொன்ன அந்த ஒன்றைத் தவிர நாங்கள் எதையும் மறைத்து வாழ்ந்தவர்கள் இல்லை. சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாரோ, முகம் சுருங்கியிருக்குமோ, தெரியவில்லை. "தெரியும்ங்க" என்று மட்டும் சொன்னேன். அது பொய். அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்விட்டார்.

அதன்பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கிளினிக் வேலையை விட்டுவிட்டேன். தொலைக்காட்சியில் லாரிகளைப் பற்றி யாராவது பேசினால் கேட்டுக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். இருபுறமும் பேசி மல்லுக்கட்டிய வீட்டில் ஒருபுறம் மட்டும் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

இந்தத் தேர்தலுக்குத் தனியாகத்தான் போனேன். என் பெயரைச் சரிபார்த்த பெண், "தனியா வந்தீங்களா, ஆன்ட்டி?" என்று கேட்டுச் சீட்டைத் தந்தாள். தடுப்புக்குள் நின்றபோது யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. கை தானாகவே என் பக்கம் போனது. அவர் சாகும்போது, நான் போட்டுவிட்டதாக நம்பிய ஓட்டை, ஒரு தேர்தல் தாமதமாக, அன்றுதான் போட்டேன்.