தளவாய்புரத்தில் வெள்ளைத் தூள்

ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், தளவாய்புரம் அருகே ஒரு தென்னந்தோப்பில் ரிக் வண்டி நிறுத்தித் தண்ணீருக்குப் போர் போடுகிறார்கள். குழியிலிருந்து வெள்ளைத் தூள்தான் பறக்கிறது. காரை நிறுத்தி இறங்கி, பூசைக்கு வைத்த எலுமிச்சையை எடுத்து அதில் பிழிகிறேன்; நுரைக்கிறது. சுண்ணாம்புப் பாறை.

"பொங்குதே சார், தண்ணி வந்துருமா?" என்கிறார் தோப்புக்காரர். அவர் பின்னால் மட்டை தொங்கிய மரங்கள்.

பெட்ரோலிய எண்ணெய்க் கம்பெனியில் முப்பது வருடம் எனக்குச் சோறு போட்ட பாறை இது. கடலடியில் படிந்த சுண்ணாம்பைப் பிற்பாடு நிலத்தடி நீர் அரித்துப் பொந்தாக்கினால், அதில் எண்ணெய் தேங்கும். இங்கே பூமியின் சூடு பொந்துகளை மூடிப் பளிங்காக்கிவிட்டது. இதை மண்ணில் படம் போட்டே விளக்குகிறேன். அலுவலகமாக இருந்தால் மூன்று பிரதி கேட்டிருப்பார்கள்.

"அப்பம் எண்ணெயும் இல்ல, தண்ணியும் இல்லங்கிறீய."

"இல்லை."

அவர் ரிக் வண்டிக்காரரிடம் திரும்புகிறார். "நீங்க ஓட்டுங்கண்ணே. சாருக்கு எண்ணெதான் தெரியும்."