கரண்டி சுஜாதா

பைக்குள் கைவிட்டுக் கரண்டியில் அரிசியை அள்ளி, மேலே கூம்பி நிற்பதை ஆள்காட்டி விரலால் ஒரே இழுப்பாக வழித்துவிடுகிறாள் சுஜாதா. தலை தட்டிய கரண்டி. அதை எதிரே இருக்கும் தட்டில் கவிழ்த்துவிட்டு நிமிர்கிறாள். "நேத்து ராத்திரி சோறு இம்புட்டு இருக்குமா? கூடவா, கொறச்சலா?" எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் அரிசியைப் பார்க்கிறாள், பிறகு சுவரைப் பார்க்கிறாள். தன் வயிற்றுக்குள் எவ்வளவு போனது என்று அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. சுஜாதா அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறாள். காத்திருப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

போடிநாயக்கனூரில் அவளுக்குக் 'கரண்டி சுஜாதா' என்றே பெயராகிவிட்டது. தோளில் தொங்கும் துணிப்பைக்குள் அளவுக் கரண்டிகளும் கிண்ணங்களும் ஒன்றோடொன்று உரசி, அவள் தெருமுனையில் திரும்பும்போதே ஆள் வருவதைச் சொல்லிவிடும். ஏல மலைக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று வெளியூர்க் கல்லூரி ஒன்று ஆராய்ச்சி நடத்துகிறது. குரங்கணியிலிருந்து தேவாரம் வரை வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவருவது அவள் வேலை. அளந்து காட்டுகிற அந்தக் கரண்டியில் அரிசியைத் தவிர வேறு எதுவும் பட்டதில்லை. அதைக் கொண்டு யாருக்கும் பரிமாறக் கூடாது, சாப்பாட்டைப் பற்றி யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது ஆராய்ச்சியின் சட்டம். சொன்னால் மாற்றிக்கொள்வார்களாம், மாற்றிக்கொண்டால் நேற்றுவரை இருந்தது என்னவென்று தெரியாமல் போய்விடுமாம். "கேக்குறது மட்டுந்தான் நம்ம சோலி" என்று அவளும் சொல்லிக்கொள்வாள், கொஞ்சம் கடுகடுப்போடு.

நாற்பதைத் தாண்டிய வயதில் கிடைத்த இந்த வேலை அவளைப் பிடித்து ஆட்டத்தான் செய்கிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் விழும் சாம்பாரைக் கண்ணாலேயே அளப்பாள். வழியில் யாராவது "சாப்ட்டியா?" என்றால் ஊரே "ஆச்சு" என்று சொல்லிவிட்டு நடக்கும். இவள் மட்டும் நின்று, "ரெண்டு இட்லி, ஒரு கரண்டி சட்டினி, அரை டம்ளர் காப்பி" என்று ஒப்பிப்பாள். கேட்டவர்தான் பாவம், பஸ்சை விட்டுவிடுவார். ஆட்களின் பெயரும் அவளுக்கு மனத்தில் நிற்பதில்லை. "அந்தக் கருவாட்டுக் கொழம்பு வீடு", "மொச்சைக்கொட்டை வீடு" என்று அடையாளம் சொன்னால்தான் முகம் ஞாபகத்துக்கு வரும்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவள் எழுதிவந்த கணக்குப்படி, மலைக்குப் போகும் பெண்கள் எல்லாரும் வயிறாரத்தான் சாப்பிட்டார்கள். "தட்டுல எம்புட்டு இருந்துச்சுன்னு காட்டுங்க" என்றால் தயங்காமல் மூன்று கரண்டி, நான்கு கரண்டி காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தட்டு என்றதும் அவர்கள் மனத்துக்கு வந்தது கணவனின் தட்டு. தினமும் அவர்கள் கை சோறு போடுவது அதில்தான். குரங்கணியில் ஒரு வீட்டில், நான்கு பேர் குடும்பத்துக்கு அலமாரியில் மூன்றே தட்டுகள் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் சுஜாதாவுக்கு உறைத்தது. மற்றவர்கள் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே, சோற்றுச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்துக் குழம்புச் சட்டியில் போட்டுப் புரட்டி வாயில் போட்டால் அந்தப் பெண்ணின் சாப்பாடு முடிந்தது. அதற்கு எதற்குத் தட்டு, அதை வேறு கழுவ வேண்டும்.

அன்றிலிருந்து அவள் பெண்களிடம் தட்டைப் பற்றிக் கேட்பதில்லை. நேராக அடுப்படிக்குள் போய், "சட்டிய எடுங்க" என்பாள். "எல்லாரும் தின்னு எந்திரிச்சப்பறம் இதுல எதுவரைக்கும் கெடந்துச்சு?" சட்டி கைக்கு வந்ததும் விரல் தானாக அடிப்பக்கம் போய் நிற்கும். ஆராய்ச்சியை நடத்தும் முத்துப்பிரியாவிடம் இதைச் சொன்னபோது, "நல்லதுக்கா, அப்படியே கேளுங்க" என்றார்.

இன்னொரு அடையாளமும் அவளுக்குத் தெரியும். மலைக்குப் போகும் பெண்கள் பக்கத்தில் வந்து பேசினால் ஏலக்காய் மணக்கும். ஊரில் மற்றவர்கள் அதைக் கொடுத்துவைத்தவர்களின் வாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். காய் எடுக்கும் இடத்தில் உதிர்ந்து கிடப்பதில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் வயிறு கொஞ்ச நேரம் சத்தம் போடாமல் இருக்கும், அவ்வளவுதான். வாசம் தூக்கலாக வந்தால், சட்டியைக் கேட்காமலே அவளுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அந்த வாசம் தூக்கலாக வருகிற ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா ராக்கு.

ராக்கு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலைக்கு ஜீப்பு ஏறியதால்தான் தங்கை பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தாள். வீட்டில் ஒரே ஒரு முட்டை அவித்தால், "எனக்கு முட்டை வாடை ஆகாது" என்று ராக்கு தட்டைத் தங்கை பக்கம் தள்ளிவிடுவாள். பிறகு ஓட்டில் ஒட்டியிருப்பதை அவள் நகத்தால் சுரண்டித் தின்றதைச் சுஜாதா பார்த்திருக்கிறாள். இப்போதும் விடியுமுன் எழுந்து, பொங்கி, கட்டிவைத்துவிட்டு, போடிமெட்டு வளைவுகளைத் தாண்டிக் கேரளப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போய்வருகிறாள். போன காய்ப் பருவத்தில், சரிவில் ஏலச் செடிகளுக்கு நடுவே கண் இருட்டி விழுந்தாள். ஒரு செடியின் தூர் தடுத்ததால் பிழைத்தாள். அதற்குக் கீழே வெறும் பாறை. ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள், நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். "நல்லாத்தான திங்கிறேன்" என்று அவள் சொல்ல, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தரம் அக்கா விழுந்தால் தடுக்க அங்கே செடி இருக்குமா என்பதுதான் சுஜாதாவின் பயம். விடியற்காலையில் ஜீப்புச் சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டு விழிப்பது அதனால்தான்.

ஆராய்ச்சிக்குச் சீட்டுப் போட்டு வீடுகளை எடுத்தபோது ராக்குவின் வீடும் வந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு வேறு ஆள்தான் போக வேண்டும். கூட வேலை பார்க்கும் ஈஸ்வர் போய்வந்தான். "நீங்க சும்மா பயந்துக்கிட்டுத் திரியிறீங்கக்கா" என்றான். "ராத்திரிக்கு நாலு கரண்டி சோறு, மீன் கொழம்பு, முட்டை. எங்க வீட்ல எனக்கே அம்புட்டுக் கெடைக்காது." அவன் சிரித்தான். சுஜாதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆம்பளை ஆள் அடுப்படிக்குள் போயிருக்க மாட்டான், முன்னறையில் உட்கார்ந்துதான் கேட்டிருப்பான். அவன் எழுதிவந்தது அக்காவின் சாப்பாடு அல்ல, மச்சான் சுருளிவேலின் தட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போனாள். சுருளிவேலும், திருப்பூர் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்து வெளியே போயிருந்தார்கள். அடுப்படியில் ராக்கு பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாக்கா?"

"ஆச்சுடி. ஒனக்குத் தோசை ஊத்தவா?"

"அந்தச் சட்டியக் காட்டு."

ராக்குவின் முகம் சுருங்கியது. "ஊரெல்லாம் கேக்குற கேள்விய எங்கிட்டயும் கொண்டாந்துட்டியாக்கும்?"

"காட்டுக்கா."

அவள் காட்டவில்லை. சுஜாதாவே எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் திருப்பூருக்குப் போனபின், இரண்டு பேருக்கு இது போதும் என்று வாங்கிய சின்ன அலுமினியச் சட்டி. பிள்ளைகள் மீசை வைத்த ஆம்பளைகளாகத் திரும்பி வந்துவிட்டார்கள், சட்டி மட்டும் மாறவில்லை. அடியில் நாலு பருக்கை காய்ந்து கிடந்தது.

"இதுல நாலு பேருக்கு எப்பிடிக்கா காணும்?"

"காணும் காணும். பெரிய சட்டின்னா எப்ப வேக, எப்ப நான் ஜீப்பப் புடிக்க? இதுன்னா வெரசா வெந்துரும்."

"மலையில ஊணுக்கு விடும்போது என்னத்தத் திம்ப?" மதியச் சாப்பாட்டை மலையில் எல்லாரும் மலையாளத்தில்தான் சொல்வார்கள்.

"கூட வர்றவளுக ஆளுக்கு ஒரு கை வைப்பாளுக."

"ஒந் தூக்குச்சட்டி எங்க?"

"பெரியவன் வேலைக்குக் கொண்டு போறான். எனக்கு இப்பெல்லாம் பசியே எடுக்கறதில்லடி." பேசும்போதே அவள் கடைவாயில் ஒரு காய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்ந்தது.

சுஜாதா சட்டியைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் யாரும் ராக்குவைப் பட்டினி போடவில்லை. சுருளிவேல் நல்ல மனிதர், பிள்ளைகள் தாயின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். ஆளுக்கொரு தட்டு நிறைந்தது, அதற்கு அப்பால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கெட்டவன் என்று ஒருத்தன் இருந்திருந்தால் அவனோடு மல்லுக்கு நின்றிருப்பாள். சட்டியோடு எப்படிச் சண்டை போடுவது?

மறுநாள் முத்துப்பிரியாவைப் போனில் அழைத்தாள். "எங்க அக்கா வீட்ட ஆராய்ச்சியிலேருந்து எடுத்துருங்கம்மா."

"ஏன்க்கா? அங்க போய் ஏதாவது சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல. சொல்லப் போறேன்."

"சரிக்கா. ஒரு வீடு போனாப் போகட்டும்."

"மத்த வீட்டுக்காரிகளுக்கெல்லாம் தங்கச்சி இல்லையேம்மா."

"ஆராய்ச்சி முடிஞ்சதும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லத்தானக்கா போறோம்."

"அதுவரைக்கும் அவளுகளும் மலைக்குத்தான போயிட்டு வர்றாளுக" என்றாள் சுஜாதா. அந்த வாரமும் வழக்கம்போல வீடு வீடாகப் போனாள், சட்டிகளைப் பார்த்தாள், எழுதினாள், வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து தன் தட்டில் சோற்றைப் போட்டால் மட்டும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு, உலை வைக்கும் நேரத்துக்கே அக்கா வீட்டில் இருந்தாள். கையில் பெரிய சட்டி ஒன்றும் புதுத் தட்டு ஒன்றும். ராக்கு தடுக்கத் தடுக்க அவளே அரிசியைக் களைந்து போட்டாள். "இம்புட்டுச் சோத்த யாருடி திங்க? விடியக்காலம் இது எப்ப வேக?" என்று ராக்கு புலம்பிக்கொண்டே இருந்தாள். "பெரியவன எந்திரிச்சு ஏத்திவைக்கச் சொல்லு" என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமல்.

இருட்டுவதற்கு முன்பே சுருளிவேலும் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று தட்டுகள். சுஜாதா நான்காவதை அவற்றோடு வரிசையில் வைத்தாள். "அக்கா, வா. ஒக்காரு."

"என்னடி இது. ஆம்பளைக இன்னும் கைய நனைக்கல. நீங்க சாப்புடுங்க, நான் அப்பறம்."

சுருளிவேல் நிமிர்ந்தார். "என்ன ஆத்தா, என்ன விசயம்?"

"மச்சான், நீங்க தின்னு எந்திரிச்சப்பறம் ஒரு நாளாச்சும் சட்டிக்குள்ள எட்டிப் பாத்துருக்கீகளா?"

அவர் அடுப்படிப் பக்கம் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். கழுத்தெலும்பு துருத்தி நிற்பதை இன்றைக்குத்தான் பார்ப்பவர் போல வெகுநேரம் பார்த்தார். தட்டின் மேல் வைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சின்னவன்தான் முதலில் நகர்ந்து இடம் விட்டான். "இங்கிட்டு வாம்மா" என்றான்.

ராக்கு வந்து உட்கார்ந்தாள், அயலார் வீட்டுப் பந்தியில் உட்கார்வதுபோல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. கடைவாயில் அடக்கியிருந்த காயை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

சுஜாதா தன் துணிப்பைக்குள் கைவிட்டாள். அரிசியைத் தவிர எதுவும் பட்டிராத அந்தக் கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் விட்டு அள்ளினாள். சோறு கூம்பி நின்று ஆவி பறந்தது. பழக்கத்தில் ஆள்காட்டி விரல் மேலே வந்தது. அந்த விரலை மடக்கிக்கொண்டு, கரண்டியை அப்படியே அக்காவின் தட்டில் கவிழ்த்தாள்.