அடிக்காத இரண்டாவது மணி

மகேஸ்வரி வேலை நேரத்தில் கண்ணயரும் ஆள் இல்லை. நாகல் நகர் முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அவளைத்தான் தூங்கிவிட்டாள் என்றார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் அவசரம் வரும். ஒருவர் கட்டிலில் இருக்கும் அழைப்பு மணிப் பொத்தானை அழுத்தினால் பக்கத்துக் கட்டிலும் அழுத்தும். அன்று செல்லக்கிளியின் மணி அடித்தது, மகேஸ்வரி போனாள். கூடவே அழுத்திய சுந்தரம்மாளின் மணி அடிக்கவில்லை. கிழவி பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே இறங்கி, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள்.

மகன் மலைச்சாமி கூடத்தில் நின்று கத்தினார். "எங்காத்தா அம்புட்டு நேரம் அழுத்தியிருக்கு. காதுல பஞ்சா வச்சிருந்த?"

"மணி அடிக்கலண்ணே."

மணிக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவள் சூர்யகலா. இல்லத்துக்கு வரும்போதெல்லாம் மகேஸ்வரியோடு வெஞ்சனம் பங்கிட்டுச் சாப்பிடுகிறவள். வந்ததும் கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது.

"ஒரு எழுத்துகூட நான் மாத்தல. அன்னைக்கும் அடிச்சிருக்கும்" என்றாள்.

மகேஸ்வரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

அடுத்த வாரம் சூர்யகலா அவள் வீட்டுக்கு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, கர்னல் மாறியிருக்கு. கம்ப்யூட்டருக்கு அடியில ஓடுறது அது. அன்னைக்குக் காலையிலதான் புதுசு ஏறியிருக்கு. முன்னாடி ஒவ்வொரு அழைப்புக்கும் என் புரோகிராமைத் தட்டி எழுப்பும். எழுந்து ஒண்ணை எடுக்கும். இப்ப, அழைப்பு வந்து விழுற பொட்டி காலியா இருக்கையில வர்றதுக்கு மட்டுந்தான் தட்டுது. உள்ள ஒண்ணு கிடந்தா அடுத்ததுக்குத் தட்டாது. செல்லக்கிளியோடதை எடுத்துச்சு, கூடவே வந்த சுந்தரம்மாளோடது உள்ளயே கிடந்துருச்சு. எழுப்பினா மொத்தத்தையும் அள்ளணும்னு கர்னல்காரங்க முதல்லயே எழுதித்தான் வச்சிருக்காங்க. அள்ளாமலே இத்தனை வருஷம் ஓடுச்சு, நம்பிட்டேன். கழுத்தறுத்துட்டாங்க."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மகேஸ்வரி நிமிரவில்லை.

"உன்னை அது அறுத்துச்சு. என்னை?"

சூர்யகலா ஒரு கீரைக்காம்பை எடுத்து உருவத் தொடங்கினாள்.

"அடிக்கலன்னு சொன்னேன்ல. கம்ப்யூட்டரை நம்புன. என்னை நம்பல."

"நான் அணைச்சுப் போட்டதுல தேங்கிக் கிடந்தது அழிஞ்சுபோச்சுக்கா. அதான் நான் அழுத்தினப்ப அடிச்சுச்சு. இப்பச் சரி பண்ணிட்டேன். மேனேஜர் உன்னைய வரச் சொல்றாரு."

"மலைச்சாமி அண்ணங்கிட்டச் சொன்னியா?"

"கர்னல்னா அவருக்கு என்ன தெரியும்?"

"கர்னலைச் சொல்ல வேணாம். நான் தூங்கலன்னு சொல்லு. அப்புறம் வாரேன்."

ஆஸ்பத்திரியில், மகேஸ்வரியையும் கூட வைத்துக்கொண்டு, சுந்தரம்மாளின் கட்டிலருகே சூர்யகலா தரையைப் பார்த்தபடி அவள் தூங்கவில்லை, மணிதான் அடிக்கவில்லை என்று சொன்னாள்.

"அப்ப அன்னைக்கு ஏம்மா அப்படிச் சொன்ன?" என்றார் மலைச்சாமி.

அவள் மறுபடி கர்னலில் தொடங்கினாள். மகேஸ்வரி அதைக் கேட்டு நிற்கவில்லை. கிழவியின் முதுகு சிவந்திருந்தது. கால்களுக்கிடையே தலையணை கொடுத்து, மலைச்சாமியை ஒரு கை பிடிக்கச் சொல்லி, மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"அழுத்துனேனே ஆத்தா, நீ வரலையே" என்றாள் சுந்தரம்மாள்.

"கேக்கல ஆத்தா. கேட்டிருந்தா வந்திருப்பேன்."

கிழவி அதை நம்பினாளா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.