காயம் காயட்டும்

வெட்டிய இடம் பழுப்பாக இருந்தது. வால்வுக்காரர் சவர பிளேடைச் சற்று மேலே வைத்து மறுபடி அறுத்தார். அங்கேயும் பழுப்பு. இன்னும் மேலே. செடி தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் நுனியளவு ஆன பிறகுதான் உள்ளே வெளிர்பச்சை தெரிந்தது. அழுகிய துண்டுகளைச் செய்தித்தாளில் சுருட்டி, தடயத்தை மறைப்பவரைப் போலக் குப்பைக்கூடையின் அடியில் திணித்தார்.

மனைவி மறுநாள் வருகிறாள். மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, சமையலறை ஜன்னலோரத்துச் சதைப்பற்றுள்ள செடிகளைக் காட்டி அவள் சொன்னது இவ்வளவுதான்: "இதுங்களை ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணியே வேணாம். உங்களால முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டார். இந்த நடுத்தொட்டிச் செடி அவளுக்கு உயிர். யாரோ கொடுத்த ஒற்றை இலையை மண்மேல் கிடத்தி வளர்த்தது. அதன் வாரிசுகள் தெருவில் பாதி வீடுகளில் இருக்கின்றன.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது அவர் கற்ற வித்தை அல்ல. குடிநீர் நிலையத்தில் வால்வு திறந்தே தலை நரைத்தவர். எந்தக் குறைக்கும் திறந்துவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். மகளுக்குக் கணக்கு வரவில்லை என்றதும் நாலு வாத்தியார்களை அமர்த்தினார். அவள் கணக்கையே விட்டுவிட்டாள். இப்போது தூரத்தில் நலமாக இருக்கிறாள். தூரம் அவளாகத் தேர்ந்தெடுத்தது.

செடியில் ஓர் இலை சுருங்கியிருந்தது. தாகம் என்று முடிவு கட்டி ஊற்றினார். இலைகள் பருத்துப் பளபளத்தன. பெருமையாக இருந்தது; மேலும் ஊற்றினார். பிறகு அவை கண்ணாடி போலாகி, தொட்டதும் உதிர்ந்தன. தாகம் முற்றிவிட்டது என்று இன்னும் ஊற்றினார். தண்டே சாய்ந்த பிறகுதான் பிளேடை எடுத்தார்.

மாடி வீட்டு மச்சினி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

"என்ன மாமா, ஆபரேஷனா?"

"சும்மா... நுனியைக் கிள்ளிவிட்டா நல்லா வரும்னாங்க."

"நுனியைக் கிள்ளினீங்களா? நுனியை மட்டும்தானே மிச்சம் வச்சிருக்கீங்க!"

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதம்மா."

"நான் எதுக்குச் சொல்லணும்? அவளுக்குத்தான் கண்ணு இருக்கே."

"இப்பவே நட்டுட்டா?"

"இதுவும் அழுகிடும். காயம் காயணும் மாமா. தட்டுல போட்டு நிழல்ல வைங்க. வெட்டின இடம் தோல் கட்டினப்புறம்தான் மண்ணு."

"எவ்வளவு நாளாகும்?"

"நாலஞ்சு நாளாகும்."

"நாளைக்கு வந்துடுவாளே!"

"அப்ப உண்மையைச் சொல்லிடுங்க. அதுக்குக் காய வேண்டியதில்லை."

உண்மை அவருக்குக் கடைசி வழி. அதற்கு முன்னால் மகள் விட்டுச்சென்ற ஹேர் டிரையர் இருந்தது. மச்சினி மாடியேறியதும், நுனியைத் தலைகீழாகப் பிடித்து வெந்நீர்ப் பதத்தில் காற்று விட்டார். வெட்டிய முகம் சீக்கிரமே உலர்ந்தது. இத்தனை எளிய விஷயத்துக்குப் பெண்கள் நாலஞ்சு நாள் எடுத்துக்கொள்கிறார்களே என்று இரக்கப்பட்டார். அதே தொட்டியில், அதே ஈரமண்ணில் நட்டார். வாசலில் நின்று பார்த்தால் செடி உட்கார்ந்திருப்பது போல இருந்தது, மோசமில்லை. விளக்கை அணைக்கப் போனவருக்கு மனசு கேட்கவில்லை. வாய் நனைகிற அளவுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார்.

மறுநாள் காலையில் மனைவி வந்தாள். பையை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். தொட்டியின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நுனியைப் பிடுங்கினாள், அடியைக் கத்தியால் மெல்லிசாகச் சீவினாள், ஒரு தட்டில் வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பி வந்து டீ போட்டாள். இருவரும் குடித்தார்கள். செய்தித்தாள் எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவர் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். நிறைந்திருந்தது.